எலிசபெத் காலத்து குட்டி ஓவியங்கள்ல முத்து மேல கருப்பு புள்ளி ஏன் இருக்கு?

அது அழுக்கு இல்லங்க, அந்த முத்துக்கு நடுவுல இருக்கிறது நிஜ வெள்ளி. நீங்க கேட்ட ஓவியங்கள் பெரும்பாலும் முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்து ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியர்டோட பாணி. அவர் அடிப்படையில நகை வேலை கத்துக்கிட்டவர், அதனால பிரபு வீட்டுப் பொண்ணுங்களோட நகையை வரையுறதுக்கு பதிலா கிட்டத்தட்ட செஞ்சே வெச்சிருக்கார்னுதான் சொல்லணும். வெள்ளை பெயின்ட்ட ஒரு சொட்டு கெட்டியா மேடா வெச்சு, காஞ்சதும் அது மேல துளி வெள்ளி வெச்சு, கீரி மாதிரி ஒரு சின்ன மிருகத்தோட பல்லால தேச்சு பளபளப்பாக்குவார், அப்போ அது நிஜ முத்து மாதிரியே மின்னும், ஆனா 400 வருஷத்துல வெள்ளி கறுத்துப் போச்சு. மாணிக்கம்னா பாலிஷ் பண்ண வெள்ளி மேல சிவப்பு பிசின உருக்கி வைக்கிறது.

கழுத்தச் சுத்தி மடிப்பு மடிப்பா நிக்கிற ரஃப் காலர் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். லேஸோட ஒவ்வொரு நூலும் கெட்டி வெள்ளை பெயின்ட்ல தனியா புடைச்சு நிக்கும், சைடுல இருந்து லைட் பட்டா குட்டி நிழலே விழும். கஞ்சி போடுற பழக்கம் 1560கள்ல நெதர்லாந்து பக்கம் இருந்து இங்கிலாந்துக்கு வந்ததுக்கு அப்புறம்தான் அந்தக் காலர் அவ்ளோ பெருசாச்சு.

இதெல்லாம் சீட்டுக்கட்டு அட்டைல ஒட்டின மெல்லிய கன்னுக்குட்டித் தோல் மேல! 1572ல அவர் வரைஞ்ச எலிசபெத் ராணி படம் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரில இருக்கு, உயரமே சுமார் 5 செ.மீ.தான். போட்டோல பாக்காம நேர்ல கொஞ்சம் தலையைச் சாய்ச்சுப் பாருங்க, அந்தப் புடைப்பு அப்பதான் தெரியும்.