அமெரிக்காவில் ரெசிடென்சி: மகளை அனுப்பும் முன் ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறார், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்ததும் அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் முதுநிலைப் பயிற்சி, செய்ய வேண்டும் என்கிறார். நீங்களோ, அங்கே டாக்டர்களே சலித்துப்போய் வேலையை விடுவதையும், நோயாளிகள் பில்லுக்குப் பயந்து ஆம்புலன்ஸை அழைக்கவே தயங்குவதையும் செய்திகளில் பார்த்துக் கலங்கியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் தேர்வு, விசா, சம்பளம் ஆகிய மூன்றை மட்டுமே கேட்பார்கள். நீங்கள் வேலையின் தன்மையைக் கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் ஜி.எச்.சுக்குப் போவார், அல்லது கையிலிருக்கும் காசுக்கேற்ற தனியார் மருத்துவமனைக்குப் போவார். அமெரிக்காவில் வேலை செய்யும் வயதினரில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி வழியாகவே கிடைக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆட்களை ஈர்ப்பதற்காக நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் கொடுக்கத் தொடங்கின. அன்று தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு வேர்விட்டு நின்றுவிட்டது. வேலை போனால் காப்பீடும் போகும் என்ற விசித்திரம் அதிலிருந்து வந்ததுதான். 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர், வறியவர்களுக்கு மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டங்கள் 1965இல் வந்தன. 2010இல் ஒபாமா காலத்துச் சட்டம் மேலும் பலரைச் சேர்த்தது. அப்படியும் 2023 நிலவரப்படி ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் இருந்தார்கள். அதே ஆண்டில் அந்நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது சுமார் 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 விழுக்காடு.

காப்பீடு இருப்பவரின் நிலையும் நாம் நினைப்பதுபோல் இல்லை. நிறுவனம் வழியாக ஒரு குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் 2024இல் சராசரியாக 25,000 டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதியை நிறுவனம் செலுத்தினாலும், அது தொழிலாளிக்குப் போயிருக்க வேண்டிய சம்பளம்தான் என்பது என் கருத்து. இதற்கு மேல் 'டிடக்டிபிள்' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட தொகை வரை நோயாளி தன் கைப்பணத்தைச் செலவழித்த பிறகே காப்பீடு பெரும்பாலான செலவுகளுக்குக் கைகொடுக்கும். பலருக்கு ஜனவரி 1ஆம் தேதி அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சிகிச்சைக்குப் பின் பில் வீடு தேடி வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

இவையெல்லாம் நோயாளியின் பாடு என்று மகள் நினைக்கக் கூடும். டாக்டரின் மேசைக்கு இது எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற ஒரு மாணவி, மிச்சிகன் மாநிலத்தில் பொது மருத்துவ ரெசிடென்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது தொலைபேசியில் சொன்னது இது. கிடங்கில் மூட்டை இறக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் வலியோடும் மரத்துப்போன பாதத்தோடும் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். அந்த மாணவி எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதினார். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது: முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி, பிறகு ஸ்கேன். இப்படி முன்கூட்டியே அனுமதி வாங்கும் முறைக்கு அங்கே 'பிரையர் ஆதரைசேஷன்' என்று பெயர். மறுப்பை எதிர்த்து நிறுவனத்தின் டாக்டரோடு பேசலாம். அதற்கு 'பியர் டு பியர்' என்பார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இசையைக் கேட்டுக் காத்திருந்த பின் எதிர்முனையில் வந்தவர் வேறு துறைக்காரர். கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "பாதத்தில் பலவீனம் இருப்பதாக நோட்டில் எழுதவில்லையே?" என்று கேட்டிருக்கிறார். காலையில் நோயாளியின் கால் பெருவிரலைத் தள்ளச் சொல்லிப் பார்த்து, வலுக் குறைந்திருப்பதை அந்த மாணவி கண்டிருந்தார். அவசரத்தில் அதைத் தட்டச்சு செய்யவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் இரண்டு நாளில் அனுமதி வந்தது. மகிழ்ச்சியோடு நோயாளியை அழைத்தால், "டாக்டர், இது ஜனவரி. டிடக்டிபிள் முழுதும் என் கையிலிருந்துதான் போக வேண்டும். வசந்தம் வரட்டும், பார்க்கலாம்" என்று அவரே வேண்டாமென்றிருக்கிறார். அந்தப் பெண் என்னிடம் அழவில்லை. ஆனால் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அண்மைய கருத்தாய்வுகளின்படி, ஒரு டாக்டர் வாரத்துக்கு இத்தகைய அனுமதிக் கோரிக்கைகள் சுமார் 40 கையாள்கிறார். அவரும் அவருடைய ஊழியர்களும் அதற்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 மணி நேரம். இதோடு கணினிப் பதிவேடும் சேர்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊக்கத்தொகையால் மருத்துவமனைகள் மின்னணுப் பதிவுக்கு மாறின. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று காட்டியது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, இரவு உடையில் அமர்ந்து விட்டுப்போன குறிப்புகளை முடிப்பதற்கு அங்குள்ள டாக்டர்கள் 'பைஜாமா டைம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது சுமையைச் சற்று இறக்கத் தொடங்கியிருக்கின்றன.

நீங்கள் படித்த 'பர்ன்அவுட்', அதாவது பணிச்சுமையால் ஓய்ந்து சலித்துப்போவது, பற்றிய செய்திகள் பொய்யல்ல. அதன் அறிகுறி ஒன்றேனும் இருப்பதாகச் சொன்ன டாக்டர்கள் 2021இல் 60 விழுக்காட்டுக்கும் மேல். 2023இல் அது 45 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. கொரோனா காலத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட நியூயார்க் டாக்டர் லோர்னா பிரீன் பெயரில், மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கென்று 2022இல் கூட்டாட்சிச் சட்டமே இயற்றப்பட்டது. பயிற்சி டாக்டரின் வேலை நேரம் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி என்ற உச்சவரம்பு 2003 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர் முதுநிலை மாணவர்களின் பணிமுறையைப் பார்த்தவர்களுக்கு இது சலுகையாகக்கூடத் தோன்றும்.

இனி, ஐயா, இந்தக் கடிதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இந்தச் சிரமங்கள் எல்லா டாக்டர்களுக்கும் உண்டு என்றாலும், விசாவில் போகிறவர்மேல் அவை இரட்டிப்பாக விழுகின்றன. அங்கே நால்வரில் ஒரு டாக்டர் வெளிநாட்டில் படித்தவர்; அவர்களில் இந்தியர்களே அதிகம். நம் பிள்ளைகளுக்கு எளிதாகத் திறக்கும் கதவுகள் பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தைகள் மருத்துவம் ஆகியவை. அமெரிக்க மாணவர்கள் விரும்பி மொய்க்காத இடங்கள் என்பதே அதற்குக் காரணம். வெளிநாட்டிலிருந்து போகும் பயிற்சி டாக்டர்களில் பெரும்பாலோர் ஜே-1 என்ற பயிற்சி விசாவில் செல்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதிலிருந்து விலக்குப் பெறும் வழக்கமான வழி, டாக்டர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்றுவது. 'கான்ராட் 30' என்ற அந்தத் திட்டத்தில் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு, யு.எஸ்.எம்.எல்.இ. எனப்படும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் கட்டத்தையும் முன்னதாகவே அமெரிக்கா சென்று எழுதியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. கிரீன் கார்டில் எந்த நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டு நீள்கிறது.

இதன் பொருள் என்னவென்றால், நான் சொன்ன மிச்சிகன் கிளினிக்கில் சலிப்படையும் அமெரிக்க டாக்டர் ராஜினாமா செய்துவிட்டு ஊர் மாறலாம். மூன்றாண்டு நிபந்தனையில் இருப்பவர் அவ்வளவு எளிதாக அசைய முடியாது. சம்பளத்தைக் கணக்கிடும்போது இந்த அசையாமையையும் கணக்கில் எழுதுங்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் கடன் வாங்கியவர்கள் படிப்பை முடிக்கும்போது வழக்கமாகச் சுமக்கும் கடன் ஏறத்தாழ 2 லட்சம் டாலர். அதை அடைக்கவே பலர் அதிக வருமானமுள்ள துறைகளைத் தேடி ஓடுகிறார்கள். அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்த உங்கள் மகளுக்கு அந்தச் சங்கிலி இல்லை. கடனில்லாதவர் சிறு ஊர்க் குடும்ப மருத்துவராக நிம்மதியாக இருக்க முடிகிறது என்பதை என் மாணவர்கள் சிலரிடமே பார்த்திருக்கிறேன். எனவே தயவுசெய்து இந்தப் பயணத்துக்காக நிலத்தை அடகு வைத்து, இல்லாத கடனை நீங்களே உண்டாக்கிவிடாதீர்கள். முதல் இரண்டு கட்டத் தேர்வுகளில் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலருக்கு மேல், விண்ணப்பங்கள், பயணம் என்று பல லட்சம் ரூபாய் ஆகும். "இடம் உறுதி" என்று பணம் கேட்கும் ஏஜென்சியின் வாசலை மிதிக்க வேண்டாம். அப்படி உறுதி தர யாராலும் முடியாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில், இறுதிப் போட்டிவரை வருபவர்களிலேயே நூற்றுக்கு 60 பேருக்குச் சற்றுக் குறைவாகத்தான் அண்மைய ஆண்டுகளில் இடம் கிடைத்திருக்கிறது.

மகளுக்கு என் யோசனை இது. முதல் கட்டத் தேர்வு 2022 ஜனவரி முதல் வெறும் தேர்ச்சி, தோல்வி என்றாகிவிட்டதால், இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண்ணே விண்ணப்பத்தில் எடை கூட்டும். அதில் அவசரம் கூடாது. மாணவியாக இருக்கும்போதே அங்கே ஓர் எலெக்டிவ், அதாவது சில வார மருத்துவமனைப் பயிற்சி, செய்ய முடியுமா என்று இப்போதே கல்லூரியில் விசாரிக்கட்டும், ஏனெனில் பட்டம் பெற்ற பிறகு நோயாளியைத் தொடாமல் பார்வையாளராக நிற்கும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைக்கும். போனால், பேராசிரியரின் பின்னாலேயே நடக்காமல், ஒரு மதியம் வரவேற்பு மேசையில் காப்பீட்டு அட்டையைச் சரிபார்ப்பவர் அருகிலும், இன்னொரு மதியம் அனுமதிக்காகத் தொலைபேசியில் மல்லுக்கட்டும் ஊழியர் அருகிலும் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த இரண்டு மதியங்களுக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. அதுவரை நீட் பி.ஜி. தயாரிப்பை விட்டுவிட வேண்டாம்.

அடுத்த முறை எழுதும்போது, வார்டில் எந்தத் துறையில் அவருக்கு மனம் ஒன்றுகிறது என்பதை அவர் கைப்படவே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரியில் சேரும்போது பணிப் பிணைப் பத்திரம் ஏதேனும் கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். ஜே-1 விசாவுக்கு நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சான்றிதழ் தேவை. அதற்கு விண்ணப்பிக்கும் முன் அந்தப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.