தனியாக ஆடும் ரோல்பிளேயிங் கேமில் இரண்டு மூன்று ரூல் சிஸ்டங்களைக் கலந்து ஆடலாமா? எப்படிக் கலப்பது?

தாராளமாகக் கலக்கலாம். எந்தக் கேள்விக்கு எந்த சிஸ்டம் பதில் சொல்லும் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு சிஸ்டம் பதில் சொல்ல வந்தால்தான் ஆட்டம் இழுபறியாகிறது.

நான் அதிகம் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பையும் மிதிக் கேம் மாஸ்டர் எமுலேட்டரையும் (ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்குப் பதிலாக, நம் கேள்விகளுக்குப் பகடையால் பதில் சொல்லும் விதித் தொகுப்பு) சேர்த்து. இரண்டும் முட்டிக்கொள்வதே இல்லை. என் கேரக்டரால் ஒரு காரியம் முடியுமா என்றால் 20 முகப் பகடை. அவளைச் சுற்றியுள்ள உலகில் என்ன இருக்கிறது என்றால் மிதிக்.

உதாரணமாக, என் திருடி ஒரு பூட்டைத் திறக்கிறாள். தேவை 15, பகடையும் கூட்டலும் சேர்ந்து 19. திறந்தாயிற்று. உள்ளே காவலன் இருக்கிறானா? மிதிக்கிடம் கேட்கிறேன். வாய்ப்பு பாதிக்குப் பாதி, கேயாஸ் எண் (கதை எவ்வளவு கட்டுமீறிப் போகிறது என்பதைக் காட்டும் எண்) 5, ஆகவே நூறு பக்கப் பகடையில் 50 வரை வந்தால் ஆம். விழுந்தது 33. இருக்கிறான். அதோடு இரண்டு இலக்கமும் ஒன்றேதான். அந்த 3 கேயாஸ் எண்ணைத் தாண்டாததால் எதிர்பாராத நிகழ்வு ஒன்றும் சேர்கிறது. அட்டவணையைப் பார்த்தால், கதையில் ஏற்கெனவே உள்ள ஒருவர் ஏதோ செய்கிறார் என்று வந்தது. சரி, காவலனோடு பேசிக்கொண்டு நிற்பது அவளை வேலைக்கு அமர்த்திய அதே வணிகன்! நானாக யோசித்திருந்தால் இந்தத் திருப்பம் வந்தே இருக்காது. தனியாக ஆடுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

தனியாகவும் ஆடக்கூடிய, ஷான் டாம்கினின் அயர்ன்ஸ்வோர்ன் என்ற கேமோடு மிதிக்கை முழுசாகச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஆரக்கிள், அதாவது கேள்விகளுக்குப் பகடையால் பதில் சொல்லும் முறை, ஏற்கெனவே இருக்கிறது. தோற்றாலே கதை திரும்பும். காரியம் முடிந்ததா என்று பார்க்க உருட்டும் இரண்டு 10 முகப் பகடைகளும் ஒரே எண்ணைக் காட்டினால் இன்னொரு திருப்பம். இதற்கு மேல் மிதிக்கின் நிகழ்வுகளும் வந்தால் கதை எங்கே போகிறது என்றே புரியாது. காட்சி தொடங்கும்போது அது நினைத்தபடி நடக்கிறதா என்று பார்க்கும் மிதிக்கின் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அயர்ன்ஸ்வோர்னிலிருந்து டிராகன்ஸ் பக்கம் கொண்டுவர அருமையான ஒன்று உண்டு: பத்துக் கட்டம் கொண்ட முன்னேற்றப் பட்டை. நீண்ட பயணம் என்றால் ஒவ்வொரு தடையைத் தாண்டும்போதும் கட்டங்களை நிரப்புவேன். ஆபத்தான பயணத்துக்கு 2, அதைவிடக் கடினமானதற்கு 1. போதும் என்று தோன்றும்போது இரண்டு 10 முகப் பகடைகளை உருட்டி, நிரம்பிய கட்டங்களோடு ஒப்பிடுவேன். கட்டங்களின் எண்ணிக்கை இரண்டு பகடைகளையும் மிஞ்சினால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. இது கேரக்டர் ஷீட்டைத் தொடுவதே இல்லை, அதனால் எந்த சிஸ்டத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதே கேமின் மொமெண்டம் (கேரக்டருக்குச் சூழல் எவ்வளவு சாதகமாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண்) அப்படியல்ல. அது அந்தப் பகடைக் கணக்கோடு பின்னியிருப்பதால் பிடுங்கி வேறு இடத்தில் நட முடியாது.

சண்டைக்கு ஸ்கார்லெட் ஹீரோஸ் முறையைப் பலர் சொல்வார்கள். ஒற்றை வீரனுக்காகவே சேதத்தைச் சுருக்கிக் கணக்கிடும் முறை அது. பழைய பாணி விதிகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஐந்தாம் பதிப்பில் எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதே எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்றால், அயர்ன்ஸ்வோர்னின் பிடிஎஃப் இலவசம். முதலில் அதை மட்டும் ஆடிப் பாருங்கள். அப்புறம் எங்கே குறை தெரிகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் வேறு சிஸ்டத்திலிருந்து எடுங்கள்.