பல்லூடக இதழியல் தாள்: மென்பொருளிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: வேலூர் அருகே ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் துறையில் பணிபுரிகிறேன். பல்லூடக இதழியல் தாளை இந்த செமஸ்டரில்தான் முதன்முறையாக எடுக்கிறேன். நாற்பது மாணவர்களுக்கு ஒரு கேமராவும் பத்துக் கணினிகளும்தான் உள்ளன. எடிட்டிங் மென்பொருளிலிருந்து தொடங்கலாமா? குழுவாகச் செய்யும் வேலைக்கு எப்படி மதிப்பெண் இடுவது?

பதில்: மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கைப்பேசியில் காணொளியை வெட்டவும் ஒட்டவும் உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பழகியிருப்பார்கள். மற்றவர்கள் நண்பர்களிடமிருந்து விரைவில் கற்றுக்கொள்வார்கள். ஒரு செய்தியில் எதைக் காட்ட வேண்டும், எதைக் கேட்கச் செய்ய வேண்டும், எதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சிதான் அவர்களிடம் இருக்காது. அது இல்லாமல் கேமராவைக் கையில் கொடுத்தால், ஒரே செய்தியைக் கட்டுரையாக ஒரு முறையும் காணொளியாக மறுமுறையும் சொல்லிவிட்டு, அதையே பல்லூடகம் என்று தருவார்கள்.

ஆகவே முதல் சில வாரங்கள் கணினி அறைக்குப் போகாமல், உள்ளூர்ப் பொருள் ஒன்றைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள் கத்தரிக்காயையே எடுத்துக்கொள்ளலாம். காம்பில் உள்ள முள்ளைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, அருகில் சென்று எடுத்த ஒரு புகைப்படம் நன்றாக உணர்த்தும். முள் குத்தாமல் காயைப் பறிக்கும் விரல்களின் லாகவத்துக்கு இருபது வினாடிக் காணொளி வேண்டும். விதையைக் காத்துவந்த கதையை இலவம்பாடி விவசாயி தம் பேச்சு நடையிலேயே சொல்வதானால், அது ஒலிப்பதிவாக இருப்பதே சிறப்பு. தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த விலையும் நேதாஜி மார்க்கெட்டில் வாங்குபவர் கொடுத்த விலையும் நான்கு வாரங்களில் எப்படி ஏறி இறங்கின என்பதை ஒரு வரைபடம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். புவிசார் குறியீடு சட்டப்படி எதைப் பாதுகாக்கிறது, எதைப் பாதுகாக்காது என்பதையோ எழுத்தில்தான் விளக்க முடியும். இந்தப் பிரிவினையை நீங்கள் முடித்துக் கொடுக்காமல், மாணவர்களே வாதிட்டுச் செய்யட்டும். விலையையும் காணொளியாக எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது ஏன் எடுபடாது என்பதை மற்றவர்கள் எடுத்துரைக்கும் அந்த வகுப்பு, இந்தத் தாளிலேயே மிகப் பயனுள்ள வகுப்பாக அமையும்.

கருவிகளில் முதலில் ஒலியைக் கற்பியுங்கள். படம் சற்று மங்கலானாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு விளங்காவிட்டால் விலகிவிடுவார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்பது, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைப்பது, ஹெட்போனில் கேட்டபடியே பதிவது, பேட்டி முடிந்ததும் அந்த இடத்தின் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் தனியே பதிவது ஆகியவை பழக்கமாக வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். இரண்டு வாக்கியங்களை வெட்டி இணைக்கும்போது இடையில் விழும் வெற்றிடத்தை மூட அதுவே உதவுகிறது என்பதை எடிட்டிங்கின்போது நேரில் காட்டுங்கள். ஒரே கேமரா என்பது பெரிய தடையன்று, கைப்பேசிகளே போதும். ஒலியை வெட்டி இணைக்க ஆடாசிட்டி என்ற மென்பொருளும் வரைபடம் வரைய டேட்டாராப்பர் என்ற இணையக் கருவியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. காணொளிகளை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வேலூரில் இதழியல் கற்பிப்பவர் தள்ளிப்போடக் கூடாத பாடம் ஒன்று உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோர் தங்கியிருக்கும் தெருக்கள் மாணவர்களை ஈர்க்கும். எழுத வேண்டிய பொருள்தான் அது. ஆனால் மொழி புரியாத ஊரில் நோயின் அச்சத்தோடு இருக்கும் ஒருவர் தலையசைப்பதை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. பதிவு எங்கே வெளியாகும் என்பதை அவருடைய மொழியில் விளக்க வேண்டும், வேண்டாம் என்று பின்னர் சொன்னாலும் ஏற்க வேண்டும். அதேபோல், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமன்றிப் பள்ளி, வசிப்பிடம், குடும்ப விவரம் ஆகியவற்றையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்பதைக் களத்துக்கு அனுப்புமுன்பே கற்பித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணில் பாதியைக் குழுவின் படைப்புக்கும் மீதியைத் தனிநபர் உழைப்புக்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் களக்குறிப்பேட்டையும் வெட்டப்படாத மூலப் பதிவையும் ஒப்படைக்க வேண்டும், பிறகு தனியே அழைத்து, "இந்தப் பகுதியை ஏன் ஒலியாக வைத்தீர்கள்?" என்று ஐந்து நிமிடம் கேட்டாலே யார் உழைத்தார் என்பது தெரிந்துவிடும். குழு ஒவ்வொன்றும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்புவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதில் தர 30 நாள் அவகாசம் உள்ளதால், செமஸ்டரின் முதல் வாரத்திலேயே அனுப்பினால்தான் கிடைக்கும் தகவலைப் படைப்பில் பயன்படுத்தவோ, பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யவோ நேரமிருக்கும்.