தாய்லாந்தில் பதிவு செய்யாத கல்யாணம்: வீடும் பிள்ளையும் யாருக்கு?

கேள்வி: பாங்காக்கில் தாய்லாந்துப் பெண் ஒருவருடன் ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன். பிக்குகள் ஓதி, பெண்வீட்டாருக்கு 'சின்சோத்' பணமும் கொடுத்துத்தான் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. எட்டு வயது மகன் இருக்கிறான். 40 லட்சம் பாட் மதிப்புள்ள அடுக்குமாடி வீடு அவர் பெயரில். எனக்கு என்ன உரிமை?

பதில்: கணவர் என்ற முறையில் எதுவும் இல்லை. தாய்லாந்து சிவில், வணிகச் சட்டத்தின் 1457ஆம் பிரிவுப்படி, பதிவு செய்தால்தான் திருமணம். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தால் தம்பதி என்ற கணக்கே அங்கே கிடையாது.

வீட்டுக்கு வருவோம். பதிவுக்குப் பின் சம்பாதித்த சொத்து, யார் பெயரில் இருந்தாலும் கணவன் மனைவி இருவருக்குமான பொதுச்சொத்து ('சின் சொம்ரொட்'). பதிவு இல்லாதவர்களுக்கு நீதிமன்றம் கூட்டுடைமை என்ற அளவில்தான் பார்க்கும். சேர்ந்து சம்பாதித்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தவணை உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் வங்கி அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிப்பது பெரும்பாடு.

அவர் உயிலின்றி இறந்தால், பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு மகனுக்கும் அவர்களுக்கும் போகும். வாரிசாக உங்களுக்குப் பூஜ்யம். பதிவு செய்துவிட்டு வாங்கியிருந்தால் பாதி, 20 லட்சம், முதலிலேயே உங்களுடையது. மீதி உங்களுக்கும் மகனுக்கும் அவர் பெற்றோர் இருவருக்குமாக நான்கு பங்காகி இன்னொரு 5 லட்சம் வரும். இன்று பதிவு செய்தால்? பழைய வீடு பொதுச்சொத்தாக மாறாது, பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஆனாலும் வாரிசு என்ற முறையில் நாலில் ஒரு பங்கு, 10 லட்சம் கிடைக்கும்.

மகன் சட்டப்படி தாயின் பிள்ளை மட்டுமே. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தால், தகப்பன் ஏற்றுக்கொண்ட பிள்ளையாக உங்கள் சொத்துக்கு அவன் வாரிசாவான். அவன் மீது பெற்றோர் அதிகாரம் உங்களுக்கு வராது. நாளை பிரிந்தால் இதுதான் வலிக்கும். நீங்கள் இருவரும் திருமணத்தைப் பதிந்தாலே இது சரியாகிவிடும். இல்லையேல் தாயும் மகனும் சம்மதிக்க, மாவட்ட அலுவலகத்தில் தகப்பனாகப் பதியலாம். சம்மதம் இல்லையென்றால் நீதிமன்றம்தான்.

பதிவு அப்படியொன்றும் கடினமில்லை. திருமணத்துக்குத் தடையில்லை என்று உங்கள் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சான்றொப்பம் பெற்று, இரண்டு சாட்சிகளோடு மாவட்ட அலுவலகம் போக வேண்டும். யாருக்காவது பழைய திருமணம் முறியாமல் கிடந்தால் புதியது செல்லாது. (2025 ஜனவரியிலிருந்து ஒரே பாலினத்தவரும் பதியலாம்.)

பதிய விருப்பமில்லையா? அவர் உயில் எழுதட்டும். தாய்லாந்தில் வாரிசுகளுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது. வீடு முழுவதையும் உங்களுக்கே எழுதலாம். தேதியிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அவர் கையெழுத்திட வேண்டும். உயிலை நீங்கள் எழுதித் தராதீர்கள், சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள்: எழுதியவரோ சாட்சியோ அந்த உயிலின்படி எதுவும் பெற முடியாது. முழுவதையும் அவரே கைப்பட எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்டால் சாட்சியே தேவையில்லை.