மகள் கையில் ஒரு மீன்

கேள்வி: என் மகள் தென்கொரியாவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். போன வாரம் வீடியோ காலில் பார்த்தால், மணிக்கட்டில் சின்னதாக ஒரு மீன்! டாட்டூவாம். அங்கே டாக்டரைத் தவிர யாரும் பச்சை குத்தக்கூடாது என்று சட்டமாமே? போலீஸ், விசா என்று வம்பு வருமா? அடுத்த வருஷம் வரன் பார்க்கலாம் என்றிருந்தோம்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள். அந்தச் சட்டம் ஊசி பிடித்தவரைத்தான் பிடிக்கும், கையை நீட்டியவரை அல்ல.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். தோலில் ஊசி ஏற்றி மை வைப்பது மருத்துவம் என்று கொரிய உச்ச நீதிமன்றம் 1992-ல் சொல்லிவிட்டது. டாக்டர் அல்லாதவர் குத்தினால் 5 ஆண்டு வரை சிறை. எந்த டாக்டர் உட்கார்ந்து மீன் வரைவார், சொல்லுங்கள்? தொழில் போர்டு இல்லாத மாடி அறைகளுக்குப் போய்விட்டது. குத்திக்கொண்டவர் காசு தராமல் "போலீசில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டினாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இத்தனைக்கும் அங்கே உங்கள் வயதுப் பெண்கள் எத்தனையோ பேருக்குப் புருவமே பச்சை குத்தியதுதான்! 2022-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் தடை தப்பித்தது. 2025 செப்டம்பரில்தான் நாடாளுமன்றம் இறங்கி வந்தது. தேர்வு எழுதி உரிமம் வாங்கினால் மற்றவர்களும் குத்தலாம். ஆனால் அமலுக்கு வர இரண்டு வருட அவகாசம்.

தடை வேண்டும் என்றவர்களின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. புள்ளியெல்லாம் பரவி, சுருக்கத்துக்குள் கலங்கிய நீலமாக. "தெருவுக்கே ஒரே ஊசிதான்டி, துணியில துடைச்சுட்டு அடுத்தவளுக்குக் குத்துவா" என்பாள். கல்லீரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமிக்கு அது போதும். நியூயார்க் நகரம் 1961-ல் தடை போட்டதும் அந்தக் காமாலையைச் சொல்லித்தான். 1997-ல் எடுத்தார்கள். நடுவில் 36 வருடம் யாரும் குத்தாமலா இருந்தார்கள்? வீட்டுக்குள் வைத்துக் குத்தினார்கள். பூட்டிய அறையில் ஊசி சுத்தமா என்று எந்த சுகாதார ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்? அதனால் நான் உரிமத்தின் பக்கம்.

சரி, உங்கள் மகளிடம் கேட்க வேண்டியது: ஊசியைக் கண் முன்னால் கவர் பிரித்து எடுத்தார்களா? வீக்கம், சீழ் ஏதும் உண்டா? இருந்தால் டாக்டரைப் பார்க்கட்டும். அப்புறம், ஊருக்கு வந்து ரத்ததானம் செய்வதென்றால், குத்திய நாளிலிருந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும்.

வரன் விஷயம் கடைசி வரியில் வந்தாலும் உங்களை அரிப்பது அதுதான் என்று தெரிகிறது. பாட்டியின் கோலத்தைப் பார்த்து யாரும் பெண் வேண்டாம் என்று போகவில்லை. இந்தக் காலத்து மாப்பிள்ளைக்கே தோளில் ஒரு சிங்கம் இருக்கலாம்.

அது போகட்டும். ஏன் மீன் என்று அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே!