தேடினால் பத்து முனியாண்டி: ஆய்வுப் பதிவுகளில் மகளின் பெயரைப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். மகள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் 'முனியாண்டி' என்று போட்டால் பல் மருத்துவம், வங்கிக் கடன், செம்பனை நோய், கணிதம் என்று என்னென்னவோ வருகிறது. இவர்கள் எல்லாம் ஒரே வம்சமா? மகள் எழுதிய நான்கு கட்டுரைகளில் இரண்டுதான் அகப்படுகின்றன. ஒன்றில் அவள் பெயர் 'டி. ஏ. பி. முனியாண்டி' என்று இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: வம்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. அந்தப் பட்டியலில் வருகிற முனியாண்டிகளில் பெரும்பாலோர் கட்டுரை எழுதியவர்களே அல்லர், எழுதியவர்களின் அப்பாக்கள். பல் மருத்துவத்தை எழுதியவர் ஏதோ ஒரு முனியாண்டியின் மகன். செம்பனை நோயை ஆராய்ந்தவர் இன்னொரு முனியாண்டியின் மகள். ஆய்விதழ்களும் தரவுத்தளங்களும் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கின்றன. நமக்கோ அது ஒரே ஒரு தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டு வரும் அப்பா பெயர். நாளைக்கு உங்கள் பேத்தி ஆய்வு செய்யப் போனால் அங்கே முனியாண்டி இருக்காது, உங்கள் மருமகன் பெயர் இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசிச் சொல் சில பேருக்கு அப்பா பெயர், சில பேருக்குச் சொந்தப் பெயர். 'சந்திரசேகர், எஸ்.' என்ற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்து 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகும் என்று 1977-இல் பெங்களூரிலிருந்து காட்டியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். மக்கள்தொகை ஆய்வாளராக இருந்து இந்தியாவின் சுகாதார அமைச்சரானவர் ஸ்ரீபதி சந்திரசேகர். மூவருமே பட்டியலில் 'சந்திரசேகர், எஸ்.' தான். முதல் இருவரும் இயற்பியல்காரர்கள் என்பதால் துறையை வைத்துக்கூடப் பிரிக்க முடியாது. லண்டன் ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் ஒருவருக்கு 1962-இலும் மற்றவருக்கு 1994-இலும் கிடைத்திருக்கிறது. இவர்களுக்குள் உறவு இருப்பதுதான் வேடிக்கை: ஒருவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். தாத்தா சந்திரசேகர ஐயரின் பெயர் இரண்டு பேரன்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அதே தாத்தாவின் மகனான ராமனைப் பட்டியலில் 'ஆர்' எழுத்தில்தான் தேட வேண்டும்.

கடைசிச் சொல் உண்மையிலேயே உறவைக் காட்டுகிற இடமும் உண்டு. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனும், காசநோய்க் கிருமியை ஆராயும் லலிதா ராமகிருஷ்ணனும் அண்ணன் தங்கை. அப்பா சி. வி. ராமகிருஷ்ணனும் உயிர்வேதியியல் ஆய்வாளர். அம்மா ராஜலட்சுமியும் ஆய்வாளர்தான், ஆனால் அவர் கட்டுரைகள் வேறு பெயரில் கிடக்கும். ஆக, ஒரே கடைசிச் சொல் இருந்தால் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம், யாரோவாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எழுத்துக்கூட்டல் ஓரளவு உதவும். பதிவு அலுவலகத்தில் அந்தக் காலத்துக் கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதியதால், முனியாண்டி இங்கே பெரும்பாலும் 'ஒய்' எழுத்தில் முடிகிறார், தமிழ்நாட்டில் 'ஐ' எழுத்தில் முடிகிறார். லெட்சுமணன் இங்கே 'டி, சி, எச்' போட்டுக்கொண்டு வருகிறார், அங்கே 'கே, எஸ், எச்'. ஆகவே மகளின் கட்டுரையைத் தேடும்போது அடையாளக் கார்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்கள். அதில் வரவில்லையென்றால் மாற்று எழுத்துக்கூட்டலையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். இதழில் தட்டச்சுச் செய்தவர் 'திருத்தி' வைத்திருப்பது அபூர்வமல்ல.

காணாமல் போன இரண்டு கட்டுரைகளைத் தேடப் பெயர் வேண்டாம், தலைப்பு போதும். கட்டுரைத் தலைப்பை அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயர் எந்தக் கோலத்தில் இருந்தாலும் கட்டுரை வந்துவிடும், எந்தக் கோலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தலைப்புக்கும் வரவில்லையென்றால் அந்த இதழ் அங்கே இன்னும் திரட்டப்படவில்லை. அது பெயர்க் கோளாறு அல்ல. பெயரை வைத்துத்தான் தேட வேண்டும் என்றால், 'ஆத்தர்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் மேற்கோள் குறிக்குள் முதலெழுத்தும் அப்பா பெயரும். பக்கத்திலேயே மேற்பார்வையாளரின் பெயரையும் சேருங்கள். பிற முனியாண்டிகளில் முக்கால்வாசி அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

வந்த கட்டுரை மகளுடையதுதானா என்று பார்க்க மூன்று இடங்கள் உண்டு: நிறுவனத்தின் பெயர், உடன் எழுதியவர்கள், ஆண்டு. மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் நம்பலாம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் ஆசிரியரின் முழுப் பெயர் 2002 முதல்தான் பதிவாகிறது. அதற்கு முந்தையவை எல்லாம் முதலெழுத்தும் கடைசிச் சொல்லும் மட்டுமே. அங்கே பழைய 'முனியாண்டி டி' யார் என்பதைக் கட்டுரையைத் திறந்து நிறுவனத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி அந்த 'ஏ. பி.' கதை. அடையாளக் கார்டில் இருக்கும் 'ஏ/பி', அதாவது 'இன்னாரின் மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம், ஆய்விதழ் மென்பொருளுக்குப் புரியாது. மகள் பெயர் தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் சாய்கோட்டை மென்பொருள் உதறிவிட்டால், மிச்சமிருக்கும் இரண்டு எழுத்தும் முதலெழுத்துகளாகி 'டி. ஏ. பி. முனியாண்டி' பிறக்கிறார். படிவத்தில் குடும்பப் பெயர்ப் பெட்டியில் 'ஏ/பி முனியாண்டி' என்று நிரப்பினால் அகர வரிசையில் 'எம்' எழுத்திலிருந்து 'ஏ' எழுத்துக்குப் போய்விடுவார். மேற்கோள் பட்டியலுக்குப் பிப்டெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மூன்றாவது வகை உண்டு: சிறிய எழுத்தில் 'ஏ/பி' வந்தால், டச்சுக்காரர் பெயர்களில் வரும் 'வான்' போல அதையும் குடும்பப் பெயரின் முன்னொட்டாக எடுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, 'முனியாண்டி' என்று முதலில் எழுதி, காற்புள்ளி போட்டு, பிறகு 'தேன்மொழி' என்று பதிய வேண்டும். ஆய்விதழுக்கு அனுப்பும் பெயரில் 'ஏ/பி' இருக்கவே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. மகன்களுக்கு 'ஏ/எல்' விஷயத்திலும் இதேதான்.

சொந்தப் பெயரையே கடைசியில் வைத்து 'எம். தேன்மொழி' என்று எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், மேற்கோளில் தன் பெயரே வருவது நியாயமாகவும் படும். ஆனால் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே நான்கு கட்டுரைகள் வந்துவிட்டன. பட்டச் சான்றிதழிலும் அடையாளக் கார்டுப் பெயர்தான் அச்சாகும். இப்போது மாற்றினால் பதிவு இரண்டாகப் பிளக்கும். 'தேன்மொழி முனியாண்டி' என்றே வைத்துக்கொள்ளட்டும். இதுவரை ஒன்றும் எழுதாதவர் என்றால் எந்த வடிவமும் சரிதான், முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1965-இல் வந்த எஸ்எம்ஆர் ரப்பர் தர முறையோடு சேர்த்துச் சொல்லப்படும் ரப்பர் விஞ்ஞானி பி. சி. சேகரை உங்களைப் போன்ற தோட்டத்துக்காரர்கள் அறிவீர்கள். அவருக்கு முன்னால் எப்போதும் அந்த இரண்டு எழுத்தும் இருப்பதால்தான், சந்திர சேகர் என்று பிரித்து எழுதுகிற கூட்டத்துக்குள் அவர் கலந்துவிடவில்லை.

ஒரே வடிவத்தில் எழுதினாலும் இன்னொரு டி. முனியாண்டி எங்காவது இருப்பார். பிரட்டு எடுக்கும்போது, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, ஒரே லயத்தில் இரண்டு மூன்று முனியாண்டிகள் இருந்தால் செக்ரோல் எண்ணை (சம்பளப் பதிவேட்டு எண்ணை) வைத்துத்தானே சம்பளம் எழுதுவீர்கள்? ஆய்வாளருக்கு அந்த எண்தான் ஆர்கிட். 2012 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, பதினாறு இலக்கம், நான்கு நான்காகப் பிரித்திருக்கும். கடைசி இடத்தில் 'எக்ஸ்' வந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். அது சரிபார்ப்பு இலக்கம், பத்து என்பதற்குப் பதிலாக வருவது.

பதிவு செய்யும்போது இரண்டு மின்னஞ்சல் கொடுக்கச் சொல்லுங்கள், ஒன்று பல்கலைக்கழகத்துடையது, இன்னொன்று சொந்தமானது. பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக முகவரி அடைபட்டுப்போகும், கடவுச்சொல்லும் மறந்திருந்தால் கணக்குக்குள் நுழையவே வழியிருக்காது. பிறகு அவசரத்துக்கு இரண்டாவது ஆர்கிட் எடுப்பார்கள், ஒருவருக்கு ஒரே எண் என்ற நோக்கமே அங்கே கெட்டுவிடும். ஆர்கிட்டில் கடைசிப் பெயர்ப் பெட்டி கட்டாயமில்லை, சொந்தப் பெயர் மட்டும்தான் கட்டாயம். 'வேறு பெயர்கள்' என்ற பகுதியில் 'டி. ஏ. பி. முனியாண்டி', 'ஏ/பி முனியாண்டி', முழு அடையாளக் கார்டுப் பெயர் என்று இதுவரை அச்சான எல்லாக் கோலங்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கட்டுரைகளைக் கையால் தட்டச்சுச் செய்யாமல், ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாளமான, '10.' என்று தொடங்கும் டிஓஐ எண்ணைக் கொடுத்துச் சேர்த்தால் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் தானாக வந்து உட்காரும்.

அடுத்தது ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம். இங்கே நாம் கேட்காமலேயே எண் கிடைத்துவிடுகிறது. பெயர், நிறுவனம், உடன் எழுதியவர்கள், துறை ஆகியவற்றைப் பார்த்து மென்பொருளே கட்டுரைகளைக் கூட்டுகிறது. பெயர் வேறுபட்டாலோ பல்கலைக்கழகம் மாறினாலோ அதே ஆள் இரண்டு எண்ணாகப் பிரிந்துவிடுவார். உங்கள் மகளுக்கு அநேகமாக அதுதான் நடந்திருக்கும். ஆசிரியர் தேடல் பக்கம் சந்தா இல்லாமலே திறக்கும். அங்கே தன் பெயரின் எல்லாக் கோலங்களையும் தேடி, ஒவ்வொரு பதிவுக்குள்ளும் போய்க் கட்டுரைப் பட்டியலைப் படித்துவிட்டு, தன்னுடையவற்றை மட்டும் தேர்ந்து ஒன்றாக்கக் கோரலாம். படிக்காமல் இணைக்கக் கூடாது. வேறொருவரின் பதிவு ஒட்டிக்கொண்டால் மேற்கோள் எண்ணிக்கை கூடி முதலில் நன்றாகத்தான் இருக்கும். அந்த இன்னொருவரின் கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டால் அந்தக் கறையும் மகள் பக்கத்தில்தான் தெரியும்.

கூகுள் ஸ்காலரில் சுயவிவரப் பக்கம் தொடங்கும்போது, 'இவை உங்களுடையவையா' என்று கட்டுகட்டாகக் காட்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதுதான் பலர் செய்கிற தவறு. வங்கிக் கடன் கட்டுரை உயிரியல் மாணவியின் பக்கத்தில் ஏறுவது இப்படித்தான். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அமைப்புக்குள் போய், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றி வைக்க வேண்டும். பொதுவான அப்பா பெயர் உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

'டி. ஏ. பி.' என்று அச்சான கட்டுரையைப் பொறுத்தவரை, ஆர்கிட்டும் ஸ்கோபஸும் அதைச் சுற்றி வேலி கட்டுமே தவிர, மூலத்தைத் திருத்தாது. மூலம் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. அந்தக் கட்டுரையின் தொடர்பு ஆசிரியர், பெரும்பாலும் மேற்பார்வையாளர், இதழ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். டிஓஐ எண், இப்போது இருக்கும் பெயர் வடிவம், வேண்டிய வடிவம், சொந்தப் பெயர்ப் பெட்டியில் எது, குடும்பப் பெயர்ப் பெட்டியில் எது, ஆர்கிட் எண், இவ்வளவும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். திருத்திய விவரத்தை, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபுக்கும் மறுபடி அனுப்பும்படி குறிப்பிட்டுக் கேளுங்கள். இதைக் கேட்காவிட்டால் இதழின் பக்கத்தில் மட்டும் பெயர் மாறும், மற்ற தரவுத்தளங்கள் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். சில இதழ்கள் திருத்த அறிவிப்பு வெளியிடும், சில சத்தமில்லாமல் மாற்றிவிடும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில வாரங்களாவது பொறுக்க வேண்டும்.

ஐந்தாவது கட்டுரை இனி வரும்போது, அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தப் படியில் ஆசிரியர் பெயர் வரியை மட்டும் பார்த்தால் போதாது. முதல் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ 'இப்படி மேற்கோள் காட்டவும்' என்று ஒரு வரி இருக்கும். பெயரை எந்தப் பெட்டியில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். அங்கே 'முனியாண்டி, டி.' என்று இருந்தால் சம்மதம் சொல்லலாம். வேறு எப்படி இருந்தாலும் அன்றைக்கே திருத்தி அனுப்பிவிடட்டும், அச்சுக்கு முன் என்றால் ஒரு நிமிட வேலை.