வெக்ஸ்லர் ஏன் சொல்லல? – ஒரு கடிதம்

அக்கா,
எம்எஸ்சி பயோடெக் கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய்னு, அதான் மூளை நரம்பைப் பாதிக்கற பரம்பரை வியாதி, போன வருஷம் கன்ஃபர்ம் ஆச்சு, எனக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ்னு சொல்லிட்டாங்க. நான்சி வெக்ஸ்லர் பத்தி படிச்சேன். அந்த ஜீனைத் தேடியே வாழ்ந்தவங்க, டெஸ்ட் வந்ததும் தான் எடுத்தாங்களா இல்லையான்னு வெளிய சொல்லவே இல்லையாம். ஊருக்குத்தான் உபதேசமா? நான் இதே ஃபீல்டுல பிஎச்டி பண்ணலாமா, வெளிநாடு போகணுமா?
– பெயர் வேண்டாம்

தம்பி,

வெளிநாடா உள்நாடாங்கறதெல்லாம் உங்க கைடு கிட்ட கேளுங்க. ஆனா அந்த "ஊருக்குத்தான் உபதேசமா"வைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எழுதறேன்.

எங்க தெருவுல ஒரு மாமா இருந்தார். ரேஷன் கடை வரிசையில அவருக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது, தோள் தானா தூக்கிப் போடும், கையில இருக்கற மண்ணெண்ணெய் கேன் ஆடி ஆடி முன்னாடி நிக்கறவங்க மேல தெறிக்கும். காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்னு பெரியவங்க திட்டுவாங்க, நாங்க பசங்க அவர் பின்னாடியே அதே மாதிரி நடந்து காட்டுவோம். அவர் குடிச்சதே இல்லைன்னு செத்த அன்னைக்குத்தான் அவர் பொண்ணு சொல்லி அழுதா. என்ன நோவுன்னு யாரும் பாக்கவேயில்ல.

நான்சியோட அம்மா லியோனோருக்கும் இதுதான். 1968ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல காலையில ரோட்டைக் கடக்கறப்போ ஒரு போலீஸ்காரர், இந்த நேரத்துலயே குடியான்னு அதட்டினார். அதுக்கப்புறம்தான் டாக்டர் கிட்ட போனாங்க. அவங்க அப்பா, மூணு அண்ணன் தம்பிங்க எல்லாரும் இதே நோய்ல போனவங்க. அன்னைக்கு நான்சிக்கு வயசு 23, அக்கா ஆலிஸுக்கும் சேர்த்து ஆளுக்குப் பாதி சான்ஸ். இப்ப நீங்க நிக்கற அதே இடம்.

நான்சி படிச்சது சைக்காலஜி, தம்பி. அதை வச்சுக்கிட்டுத்தான் வெனிசுவேலாவுல மரக்காய்போ ஏரிக்கரைக்குப் போனாங்க. அங்க தலைமுறை தலைமுறையா இந்த நோய் ஓடற குடும்பங்கள் இருக்குன்னு அந்த ஊர் டாக்டர் அமெரிகோ நெக்ரெத்தே 1950கள்லயே கண்டுபிடிச்சு எழுதிட்டார். 1981லருந்து வருஷா வருஷம் டீமோட போய் ரத்தம் எடுத்து, யாருக்கு யார் பிள்ளைன்னு கேட்டுக் கேட்டு 18,000 பேருக்கு மேல வம்சாவளி வரைஞ்சாங்க. தோல்ல சின்னதா வெட்டி எடுக்கணும்னப்போ ஜனங்க பயந்தாங்க, உங்களுக்கு என்ன, வெள்ளைக்காரங்கன்னு. அப்ப கூட வந்த நர்ஸ் நான்சியோட கையைப் பிடிச்சுத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாங்க. நான்சி கையிலயும் அதே வெட்டுத் தழும்பு இருந்துச்சு. அந்த ரத்தமும் சேர்ந்துதான் 1983ல ஜீன் நாலாவது குரோமோசோம்ல இருக்குன்னு தெரிஞ்சது, பத்து வருஷம் கழிச்சு 1993ல ஜீனே கிடைச்சது. அந்த ஜீனோட டிஎன்ஏவுல சிஏஜிங்கற மூணெழுத்து நாப்பது தடவையோ அதுக்கு மேலயோ திரும்பத் திரும்ப வந்தா நோய் வரும், அவ்வளவுதான்.

இவங்களையா உபதேசம்னு சொல்றீங்க? டெஸ்ட் எடுன்னு அவங்க யாரையும் விரட்டல. நோயை நிறுத்தற மருந்து 1983லயும் இல்ல, 1993லயும் இல்ல. வரும்னு தெரிஞ்சுக்கிட்டு இருபது வருஷம் தினம் காலையில டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்குதான்னு பாத்துக்கிட்டே வாழ முடியுமான்னு அவங்கவங்கதான் முடிவு பண்ணணும். சான்ஸ் இருக்கற குடும்பத்துல பிறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இன்னைக்கும் டெஸ்ட் எடுக்கறதில்ல, அவங்க எல்லாரும் கோழையா? ஜீனைக் கண்டுபிடிச்சது விஞ்ஞானம், அது எல்லாருக்கும் சொந்தம். என் உடம்புல அது இருக்கா இல்லையாங்கறது என் சொந்தம், அதை ஊருக்குச் சொல்லணும்னு எவனும் கேக்க முடியாது. 2020ல 74 வயசுல எனக்கும் இந்த நோய் இருக்குன்னு நான்சியே வெளிய சொன்னாங்க, அவங்க நேரம் பாத்து அவங்க சொன்னாங்க.

நீங்களும் டெஸ்ட் எடுக்கறதா இருந்தா ஜெனட்டிக் கவுன்சிலிங் இல்லாம போய் ரத்தம் குடுக்காதீங்க. எடுக்க வேணாம்னு தோணினா அதுக்கு யாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, சொந்தக்காரங்களுக்கும்தான்.

உங்க கடிதத்துல அப்பா பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு. இந்த நோய்ல உடம்பு ஆடிக்கிட்டே இருக்கும், அதனாலயும் வெயிட் சரசரன்னு இறங்கும், நம்மள விட அதிகமா சாப்பிடணும். விழுங்கறதும் கஷ்டம், புரையேறும். கெட்டிக் கஞ்சியோ குழைஞ்ச சாதமோ, நிமிந்து உக்கார வச்சு, பக்கத்துலயே யாராவது இருந்து மெதுவா குடுங்க. அவசரப்படுத்தாதீங்க. அப்பா இப்ப எப்படி சாப்பிடறார்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க தம்பி.